நட்சத்திரம் பார்க்கப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா? நம் வானத்துக்கு ஏற்ற வழிகாட்டி நூலைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

டெலஸ்கோப் வாங்கியவர்களில் பலர் நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்ததும் கருவியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கருவியில் குறை இருக்காது. அடுத்து எதை, எந்த மாதத்தில், எந்தத் திசையில் தேடுவது என்று சொல்லித்தர ஆள் இருந்திருக்காது. அந்த ஆளின் வேலையை ஒரு நல்ல வழிகாட்டி நூல் செய்துவிடும். ஆகவே டெலஸ்கோப்புக்கு முன்னால் புத்தகம் வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய வாசகர்களை மனதில் வைத்து, 40 முதல் 50 டிகிரி வரையிலான வட அட்சரேகைக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே மதுரை மொட்டைமாடியில் விரித்தால் பாதி பொருந்தாது. எது பொருந்தும், எதை எப்படி மாற்றிப் படிப்பது என்பதைத் தட்டுத்தடுமாறித்தான் நான் கற்றேன். புதிதாக வருகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

## 1. முதல் ஒரு மாதம் காசு செலவழிக்காதீர்கள்

முதலில் இலவசமாகக் கிடைப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று போதும்.

முதலாவது, 'தி ஈவினிங் ஸ்கை மேப்' என்ற மாத வரைபடம். இணையத்தில் மாதந்தோறும் பி.டி.எஃப். கோப்பாக வருகிறது. வட அரைக்கோளம், தென் அரைக்கோளம், நிலநடுக்கோட்டுப் பகுதி என்று மூன்று பதிப்புகள் உண்டு. நீங்கள் எடுக்க வேண்டியது நிலநடுக்கோட்டுப் பதிப்பு. பலர் 'இந்தியா வடக்கில்தானே இருக்கிறது' என்று வட பதிப்பை அச்சிட்டுவிடுகிறார்கள். அதில் நமக்குத் தெரியும் தென்வானத்தின் தென்கோடிப் பகுதி இருக்காது.

இரண்டாவது, 'ஸ்டெல்லேரியம்'. கணினிக்கு இலவசம், கைபேசியிலும் உண்டு. உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த நேர வானத்தைக் காட்டும். பின்னால் புத்தகம் சொல்வதைச் சரிபார்க்க இது தினமும் தேவைப்படும்.

மூன்றாவது, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். அதில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்குமே, அது நிலா அன்று வானத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதற்கான குறிப்பு. ரோகிணி என்று போட்டிருக்கும் இரவில் நிலாவின் பக்கத்தில் சிவப்பு கலந்த ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் தேடுங்கள். ஆங்கில நூல்கள் ஆல்டெபரான் என்று சொல்வது அதைத்தான். மகம் அன்று ரெகுலஸ், சித்திரை அன்று ஸ்பைகா, கேட்டை அன்று அன்டாரஸ், கார்த்திகை அன்று பிளையடீஸ் என்ற ஆறு மீன் கொத்து. கிரகங்கள் நடமாடும் பாதையை இப்படிப் பைசா செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பஞ்சாங்கம் பாதையைச் சமமான 27 பாகங்களாகப் பிரிப்பதால் நிலா அந்த நட்சத்திரத்தை ஒட்டியே நிற்காது, சில டிகிரி தள்ளி இருக்கும். அப்புறம், திருவாதிரையும் திருவோணமும் சுவாதியும் நிலாவின் பாதையிலிருந்து வெகுதூரம் விலகியவை. அந்த நாட்களில் இந்த முறை உதவாது.

## 2. உங்கள் ஊரின் அட்சரேகையை மனப்பாடம் செய்யுங்கள்

எந்த நூலைத் தொட்டாலும் இந்த ஒரு எண் வேண்டும். சென்னை சுமார் 13 டிகிரி வடக்கு, கோவையும் திருச்சியும் 11-ஐ ஒட்டி, மதுரை 10, நாகர்கோவில் 8, யாழ்ப்பாணம் 9.7, கொழும்பு 7, கோலாலம்பூர் 3, சிங்கப்பூர் 1.3.

இதிலிருந்து இரண்டு கணக்குகள் போடலாம். 90-லிருந்து உங்கள் அட்சரேகையைக் கழியுங்கள். தெற்கே எவ்வளவு தூரம் வரை உங்களால் பார்க்க முடியும் என்பது வந்துவிடும். சென்னைக்கு 77. அதாவது, டெக்ளினேஷன் மைனஸ் 77 வரை உள்ளவை என்றாவது ஒரு நேரம் தொடுவானத்துக்கு மேலே வரும். டெக்ளினேஷன் என்பது வானத்தின் அட்சரேகை. எல்லா நூல்களிலும் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்திருப்பார்கள். 40 டிகிரியில் இருப்பவருக்கு இந்த எல்லை மைனஸ் 50-லேயே நின்றுவிடும்.

இரண்டாவது கணக்கு, ஒரு பொருள் தெற்கு வானத்தில் அதிகபட்சம் எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பது. அதே 77-லிருந்து பொருளின் தென் டெக்ளினேஷனைக் கழித்தால் போதும். ஒமேகா சென்டாரி என்ற பிரம்மாண்டமான நட்சத்திரக் கொத்து மைனஸ் 47.5-ல் இருக்கிறது. 77-லிருந்து 47.5 போனால் 29.5. சென்னையில் அது கிட்டத்தட்ட 30 டிகிரி உயரம் வரும், பைனாகுலரிலேயே பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். 40 டிகிரியில் இருப்பவருக்கு அது வெறும் இரண்டரை டிகிரி, அதாவது மரங்களுக்குப் பின்னால். அந்த ஊர்க்காரர் எழுதிய நூலில் ஒமேகா சென்டாரிக்கு இடமே இருக்காது, இருந்தாலும் 'முயன்று பாருங்கள்' என்று ஒரு வரி. வானத்திலேயே மிகப் பிரகாசமான உருண்டைக் கொத்து அது. நமக்கு எளிதாகக் கிடைக்கிற ஒன்றை, புத்தகம் சொல்லவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ், தெற்குச் சிலுவை, ஆல்பா சென்டாரி, கரினா நெபுலா என்ற வாயு மேகம் எல்லாம் இதே கதைதான். தமிழ்நாட்டில் நன்றாகத் தெரிபவை. காவலூர் வானாய்வகத்தின் இடத்துக்கு உள்ள பெரிய அனுகூலமே, பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால் இரண்டு அரைக்கோளத்து வானமும் கிடைப்பதுதான். அந்த அனுகூலம் உங்கள் மொட்டைமாடிக்கும் உண்டு.

வடக்கில் நிலைமை தலைகீழ். எம் 81, எம் 82 (மெசியர் என்பவர் போட்ட பட்டியலில் 81, 82-ஆம் எண்கள்) என்ற கேலக்ஸி ஜோடியை வெளிநாட்டு நூல்கள் 'ஆண்டு முழுக்க உயரத்தில் கிடைக்கும் எளிய இலக்கு' என்று சொல்லும். சென்னையில் அவை அதிகபட்சம் 34 டிகிரிதான் ஏறும், அதுவும் வருடத்தில் சில மாதங்கள்தான் மாலையில் கிடைக்கும்.

## 3. எந்த வகை நூல் எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

'வானியல் புத்தகம்' என்று பொதுவாகத் தேடினால் கருந்துளை, பெருவெடிப்பு பற்றிய நூல்கள்தான் வந்து நிற்கும். அவை வாசிக்க, நமக்கு வேண்டியவை வானத்தில் தேட. தேடுவதற்கான நூல்களில் நான்கு வகை உண்டு.

அறிமுக வழிகாட்டி. விண்மீன் குழுக்களை அடையாளம் காண்பது, கருவி தேர்வு, நிலா, கிரகங்கள் எல்லாம் சேர்ந்தது. டெரன்ஸ் டிக்கின்சனின் 'நைட்வாட்ச்' இந்த வகையில் பெயர்பெற்றது. கம்பிச்சுருள் பைண்டிங்கில் வருவதால் மேசையில் தட்டையாக விரியும். கருவி பற்றிய அறிவுரைகள் அருமை. ஆனால் அதன் வரைபடங்கள் நடு வட அட்சரேகைக்கானவை என்பதை மறக்காதீர்கள்.

பொருள் வாரியான வழிகாட்டி. ஒவ்வொரு நெபுலாவுக்கும் கொத்துக்கும் எப்படிப் போய்ச் சேருவது என்று வழி சொல்வது. கை கன்சோல்மாக்னோவும் டான் டேவிஸும் எழுதிய 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். காரணம், வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரியும், ஃபைண்டரில் (டெலஸ்கோப்பின் மேல் குறிபார்க்கப் பொருத்திய சிறு குழாய்) எப்படி, சிறிய டெலஸ்கோப்பில் எப்படி என்று படிப்படியாக வரைந்து காட்டுகிறது. தென்வானத்துக்குத் தனிப் பகுதியும் இருக்கிறது. நமக்கு அந்தப் பகுதி பின்னிணைப்பு ஆகாது, பாதிப் புத்தகம் அதுதான்.

அட்லஸ். விளக்கம் எதுவும் இருக்காது, வரைபடம் மட்டும். 'பாக்கெட் ஸ்கை அட்லஸ்' 80 முதன்மை வரைபடங்களில் 7.6 ஒளியளவு வரை 30,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் காட்டுகிறது. முழு வானத்தையும் தருவதால் அட்சரேகைத் தொல்லை கிடையாது. ஒளியளவு எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல். வெறுங்கண்ணால் நல்ல இருட்டில் 6 வரைதான் தெரியும். பைனாகுலருக்கும் சிறிய டெலஸ்கோப்புக்கும் இந்த அட்லஸ் கச்சிதம். முதல் மாதமே இதை வாங்கினால் புள்ளிகளின் கூட்டத்தைப் பார்த்து மலைத்துவிடுவீர்கள். குறைந்தது பத்து விண்மீன் குழுக்களைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்த பிறகு வாங்குங்கள். அதுவரை டோஷிமி டாகி என்ற ஜப்பானியர் இலவசமாக வெளியிட்ட அட்லஸ் போதும்.

நட்சத்திரச் சக்கரம். பிளானிஸ்பியர் என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு வட்ட அட்டைகள். தேதியையும் நேரத்தையும் சேர்த்துச் சுழற்றினால் அப்போதைய வானம் தெரியும். அட்டைக்குள் ஒரு அட்சரேகை எண் அச்சிட்டிருக்கும். 40 அல்லது 50 என்று இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். வேறு நூலைக் கணக்குப் போட்டு மாற்றிப் படிக்கலாம், சக்கரத்தை மாற்ற முடியாது. வெட்டிய ஜன்னலே அந்த ஊருக்கானது. 10 டிகிரிக்கு ஒன்றை நீங்களே அச்சிட்டு ஒட்டிக்கொள்ள இணையத்தில் இலவச அச்சுப்படிகள் கிடைக்கின்றன. கெட்டி அட்டையும் ஒரு ரிவெட்டும் இருந்தால் போதும்.

## 4. வாங்கும் முன் உள்ளே புரட்டிப் பாருங்கள்

முடிந்தால் நூலகத்தில் பாருங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றின் வானியல் அலமாரியில் ஒரு மதியம் உட்கார்ந்தால் எந்த நடை உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குவதானால் மாதிரிப் பக்கங்களையாவது பாருங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

- பைண்டிங். தட்டையாக விரியாத நூலை இரவில் ஒரு கையில் டார்ச்சோடு பயன்படுத்த முடியாது. கம்பிச்சுருள் இருந்தால் நல்லது.
- வரைபடத்தின் நிறம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு நட்சத்திரங்கள்தான் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். நீலப் பின்னணியில் மஞ்சள் நட்சத்திரங்கள் பகலில் அழகு, இரவில் ஒன்றும் தெரியாது. சிவப்பு மையில் அச்சிட்ட எழுத்து சிவப்பு வெளிச்சத்தில் மறைந்தே போகும்.
- படமா, கோட்டோவியமா? விண்வெளித் தொலைநோக்கியின் வண்ணப் படங்கள் நிறைந்த நூல் எதிர்பார்ப்பைக் கெடுக்கும். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், தெரிவது சாம்பல் நிறப் புகை போன்ற ஒன்று. அதைக் கையால் வரைந்து காட்டும் நூல்தான் உண்மை பேசுகிறது.
- எந்தக் கருவியின் பார்வை? இது மிக முக்கியம். டாப்சோனியன் போன்ற, குழிக் கண்ணாடியால் ஒளியைத் திரட்டும் நியூட்டன் வகையில் காட்சி தலைகீழாகத் திரும்பியிருக்கும். பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக் கண்ணாடி வைத்த லென்ஸ் டெலஸ்கோப்பில் இடம் வலம் மாறியிருக்கும். பைனாகுலரில் நேராக. நூல் எந்தப் பார்வையை வரைந்திருக்கிறது என்று முன்பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். இது தெரியாமல் தேடினால் சரியான இடத்திலேயே நின்றுகொண்டு தவறான திசையில் நகர்த்துவீர்கள்.
- பதிப்பு ஆண்டு. நட்சத்திர வரைபடம் 20 வருடம் பழையதானாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. கிரகங்களின் நிலை, கிரகணத் தேதிகள் பழையதானால் வீண். ஆகவே பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், கிரகங்களுக்கு மட்டும் ஸ்டெல்லேரியத்தைப் பாருங்கள்.

## 5. செலவு, காலம், காகிதங்கள்

விலை மாதத்துக்கு மாதம் மாறும், இதைச் சுமாரான கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி நூல் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. அட்லஸ் 2,000 முதல் 3,000. 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (முதல் எண் பெருக்கம், அடுத்தது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில்) 5,000 முதல் 12,000. சிவப்பு செலஃபேன் தாள், குறிப்பேடு, பாய் எல்லாம் சேர்த்து இருநூறு, முந்நூறு. ஆக, சுமார் 9,000 முதல் 19,000 ரூபாய்க்குள் ஒரு வருடத்துக்கும் மேலான வேலை இருக்கிறது. அதே பணத்தில் வரும் '500 மடங்கு பெருக்கும்' என்று அட்டைப்பெட்டியில் எழுதிய டெலஸ்கோப்பின் கால்கள் ஆடும், ஃபைண்டர் உதவாது.

இந்தியாவில் இருப்பில் உள்ள நூல் என்றால் ஒரு வாரத்துக்குள் வரும். அச்சுப் புத்தகத்துக்கு இங்கே ஜி.எஸ்.டி. கிடையாது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் பல வாரங்கள் ஆகலாம். சுங்க வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும். பார்சல் சுங்கத்தில் நிற்கும்போது அடையாளச் சான்று கேட்டு கூரியரிடமிருந்து செய்தி வரும். ஆதார் அல்லது பான் நகலைத் தயாராக வைத்திருந்து உடனே அனுப்புங்கள், தாமதித்தால் பார்சல் திரும்பிப் போகக்கூடும். அந்தச் செய்தியின் பெயரில் மோசடிகளும் நடப்பதால், உங்கள் பார்சலின் எண்ணை கூரியரின் சொந்தத் தளத்தில் சரிபார்த்த பிறகே எதையும் அனுப்புங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நகலெடுத்து அச்சிட்ட பிரதிகள் சந்தையில் சுற்றுகின்றன. நாவல் என்றால் படித்துவிடலாம். அட்லஸில் மங்கலான நட்சத்திரங்கள் அச்சிலேயே மறைந்துபோய், இல்லாத புள்ளிகள் தோன்றியிருக்கும். புத்தகம் வந்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு சில நாட்கள்தான். கைபேசித் திரையில் படிக்கும் மின்னூல் வடிவம் அட்லஸுக்குச் சரிவராது.

நேரம் பார்த்து வாங்குவதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வானத்தை மூடிவிடும். நவம்பரில் புத்தகம் வந்து சேரும்படி ஆர்டர் செய்யுங்கள். மழைக் காலத்தில் உள்ளே உட்கார்ந்து படித்து, ஜனவரியில் வெளியே வாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு நல்ல காலம். சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த வகை இறக்குமதி நூல்கள் அங்கே கிடைப்பது அரிது, வானம் திறந்த பிறகு பல இரவுகள் வீணாகும்.

## 6. புத்தகத்தை நம் ஊருக்கு மாற்றிப் படியுங்கள்

புத்தகம் கைக்கு வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். நான்கு திருத்தங்கள் செய்தால் அது உங்கள் ஊர்ப் புத்தகமாகிவிடும்.

நேரம். அந்த நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வரைபடங்களில் 'கோடை நேரம் இரவு 10 மணி' என்றிருந்தால் நீங்கள் 9 மணி என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவர்களுக்கு ஜூனில் இருட்டவே இரவு பத்து ஆகிவிடும். சென்னையில் ஆண்டு முழுக்க மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும், அடுத்த ஒன்றேகால் மணிநேரத்தில் முழு இருட்டு. 'ஆகஸ்ட் இரவு 11' என்று போட்ட வானத்தை நாம் செப்டம்பரில் 9 மணிக்கே பார்த்துக்கொள்ளலாம். ஒரே வானம் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணிநேரம் முன்னதாக வரும். இந்த ஒரு விதி தெரிந்தால் எந்த வரைபடத்தையும் எந்த மாதத்துக்கும் நகர்த்தலாம்.

பருவம். 'கோடை வானம்' என்று அவர்கள் எழுதுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் கோடையில் மாலை நேரத்தில் தெரிவது அவர்களின் 'வசந்த வானம்'. அத்தியாயத் தலைப்பை அடித்துவிட்டு மாதப் பெயரை எழுதுங்கள். 'கோடை வானம்' அத்தியாயத்துக்கு ஜூன், ஜூலையில் மேகம் இடம் தராவிட்டால் மார்ச், ஏப்ரலில் விடியற்காலை எழுந்து பாருங்கள். அதே தேள், அதே தனுசு, தெளிவான வானத்தில் கிடைக்கும்.

தொடக்கப் புள்ளி. ஏறக்குறைய எல்லா நூல்களும் சப்தரிஷி மண்டலத்தில் ஆரம்பித்து துருவ நட்சத்திரத்துக்குப் போகும். 'எப்போதும் தெரியும்' என்றும் எழுதியிருக்கும். நமக்கு அது பொய். அக்டோபர், நவம்பர் மாலைகளில் சப்தரிஷி தொடுவானத்துக்குக் கீழே இருக்கும். துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரி, நாகர்கோவிலில் 8 டிகிரி உயரம்தான், பக்கத்து வீட்டு மாடியே மறைத்துவிடும். அந்த அத்தியாயத்தைத் தாண்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் குழு, மே முதல் ஆகஸ்ட் வரை தேள். இவை இரண்டும்தான் நம் வானத்தின் வாசல்கள்.

உயரம். 'தெற்கே பாதி உயரத்தில்' என்று நூல் சொன்னால் நம் ஊரில் அது கிட்டத்தட்ட தலைக்கு மேல். 40-லிருந்து உங்கள் அட்சரேகையைக் கழித்து வரும் எண்ணை, சென்னைக்கு 27, மதுரைக்கு 30, தெற்குப் பக்கப் பொருள்களின் உயரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டினால் அது நம் ஊரில் வடக்குப் பக்கம் இருக்கிறது என்று பொருள்.

ஒரு சிறு விஷயம், ஆனால் எல்லோரும் தடுக்கி விழும் இடம். வான வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம் இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் சரியாகப் பொருந்தும்.

## 7. இருட்டான இடமும் அனுமதியும்

மாநகர மொட்டைமாடியில் நிலா, கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்கள், பிரகாசமான கொத்துகள் எல்லாம் கிடைக்கும். நெபுலாவுக்கும் கேலக்ஸிக்கும் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். நூலில் 'எளிது' என்று போட்டிருப்பது இருட்டான வானத்துக்கான மதிப்பீடு.

ஜவ்வாது மலை, கொல்லிமலை, வால்பாறை பக்கமெல்லாம் வானம் நன்றாக இருக்கும். காப்புக்காட்டுக்குள் இரவில் நிற்பதற்கு வனத்துறை அனுமதி தேவை, கேட்காமல் போகாதீர்கள். யானை நடமாட்டம் உள்ள பகுதியில் அனுமதி கேட்பதே உங்கள் உயிருக்காகத்தான். தங்கும் விடுதியின் மாடியோ தெரிந்தவர் தோட்டமோ பள்ளி மைதானமோ எவ்வளவோ மேல். நில உரிமையாளரிடமோ தலைமை ஆசிரியரிடமோ ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கையில் இருக்கட்டும். குழுவாகப் போனால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் இருட்டில் நீளமான குழாயோடு நிற்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்து ஊர்மக்கள் பயப்படுவது நியாயம்தான். அழைத்து நிலாவைக் காட்டுங்கள், அடுத்த முறை டீ கிடைக்கும். நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசரை விமானம் போகும் திசையில் ஒருபோதும் காட்டக் கூடாது.

நாள் தேர்வுக்கு மறுபடி காலண்டர். தேய்பிறை பஞ்சமியிலிருந்து வளர்பிறை பஞ்சமி வரை, மாலையிலோ நள்ளிரவுக்குப் பிறகோ நிலா இல்லாத சில மணிநேரம் கிடைக்கும். அமாவாசையை ஒட்டி முழு இரவும் உங்களுடையது.

காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். நேரமும் விதிமுறையும் மாறக்கூடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

## 8. முதல் இரவு: பிப்ரவரி நடுப்பகுதி, எட்டு மணி

முதல் இரவுக்கு ஐந்து பொருள் போதும். அதற்கு மேல் பட்டியல் போடாதீர்கள்.

டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலஃபேனை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். கைபேசியைப் பைக்குள் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு தடவை வெள்ளைத் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. புத்தகத்துக்கு ஒரு பாலிதீன் உறை வையுங்கள், மலைப்பகுதிப் பனி ஒரு மணிநேரத்தில் தாளை நனைத்துவிடும். தேவையான இரண்டு பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

பாயை விரித்துப் படுங்கள். ஓரியன் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும், நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் இடைக்கச்சை. அதற்கு வடக்கே சிவந்திருப்பது திருவாதிரை, நூலில் பெட்டல்ஜியூஸ். இடைக்கச்சைக்குத் தெற்கே மங்கலாகத் தொங்கும் மூன்று புள்ளிகளில் நடுவில் உள்ளது புள்ளியாகத் தெரியாமல் மசங்கலாகத் தெரியும். பைனாகுலரைத் திருப்புங்கள். எம் 42, ஓரியன் நெபுலா.

இடைக்கச்சைக் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால் சிரியஸ், வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம். அதைப் பைனாகுலர் வட்டத்தின் மேல் விளிம்பில் வைத்தால் கீழ்ப்பாதியில், நான்கு டிகிரி தெற்கே, எம் 41 என்ற கொத்து நிற்கும். கோட்டை எதிர்ப்பக்கம், வடமேற்காக நீட்டினால் ரோகிணி, அதற்கும் அப்பால் கார்த்திகை. கடைசியாக எழுந்து நின்று தெற்கே திரும்புங்கள். சிரியஸுக்குக் கீழே, சென்னையில் சுமார் 24 டிகிரி உயரத்தில் அகத்தியர். பெரும்பாலான வெளிநாட்டு நூல்களின் ஓரியன் பக்கத்தில் இது இருக்காது. நீங்களே பென்சிலால் சேர்த்துவிடுங்கள்.

இதே பயிற்சியை மே நடுவில் தெற்குச் சிலுவைக்குச் செய்யலாம். ஒன்பது மணிக்கு அது தெற்கில் நிமிர்ந்து நிற்கும், பத்து மணியை ஒட்டி ஒமேகா சென்டாரி உச்சிக்கோட்டுக்கு வரும்.

## 9. குறிப்பேடும் அடுத்த வாங்கல்களும்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், கருவி, வானத்தின் தெளிவு, பார்த்தது, அதன் சிறு படம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, நட்சத்திரங்களின் இடம் சரியாக இருந்தால் போதும். நூலின் ஓரத்திலும் பார்த்த தேதியை எழுதுங்கள். அடுத்த வருடம் அதே பக்கத்தைத் திறக்கும்போது எந்த மாதத்தில், எந்த மாடியிலிருந்து கிடைத்தது என்பது உங்களுக்கே வழிகாட்டியாகிவிடும்.

பைனாகுலரில் முப்பது, நாற்பது பொருள்கள் பார்த்த பிறகு அட்லஸ் வாங்குங்கள். மெசியர் பட்டியலின் 110 பொருள்களும் நம் அட்சரேகையிலிருந்து தெரியும் என்பதால் அது நல்ல நீண்ட காலத் திட்டம். டெலஸ்கோப் ஆசை அப்போதும் குறையாமல் இருந்தால் 6 அங்குல டாப்சோனியன். அதை வாங்கும்போது உங்கள் வழிகாட்டி நூலில் டாப்சோனியன் பார்வைக்கான படங்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்' நான்காம் பதிப்பிலிருந்து அவற்றைத் தருகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஐபீஸோடு ஒப்பிடுங்கள். மூலைக் கண்ணாடிக்காக இடம் வலம் மாற்றி வரைந்த படம் என்றால் அப்படித் திருப்பினாலும் பொருந்தாது. தாளை ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.